காலுக்குக் கீழே கேட்ட கைதட்டல்

இதைக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இது நடந்தது. எனக்கு அல்ல, எங்கள் கட்டிடத்தில் எனக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் மார்லிஸுக்கு. சுவிட்சர்லாந்தில், பாசெல் நகரத்தில் பல வீடுகளில் இருப்பதுபோல எங்களுக்கும் துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அவள் முறை, செவ்வாய்க்கிழமை என் முறை. அவள் காய்ந்த துணியை எடுக்க வரும்போதும் நான் அழுக்குத் துணியோடு இறங்கும்போதும், துண்டு துண்டாக இதை என்னிடம் சொன்னாள். நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மார்லிஸ் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். நாற்பது வயதில் பார்வை போனது. ஒரே நாளில் அல்ல. ஓரங்களில் மங்கத் தொடங்கி, மெல்ல நடுவுக்கு வந்து, ஒரு குளிர்காலத்தோடு முழுவதும் அணைந்துவிட்டது. வேறு யாராவது என்றால் வீட்டோடு முடங்கியிருப்பார்கள். இவள் வெள்ளைத் தடியை எடுத்துக்கொண்டு தனியாக டிராம் ஏறினாள்.

எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில்தான் விழ வேண்டும். மார்லிஸ் ஒன்றையும் விடவில்லை. பழைய சிறைச்சாலைக்குள் வைத்திருக்கும் இசைக்கருவிகள், தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் காகித ஆலை, பொம்மைகள், இரும்புக் கழிவில் செய்த ஓயாமல் கடகடக்கும் இயந்திரங்கள்... பார்வையற்றவர்களுக்கு என்று சில இடங்களில் தனி ஏற்பாடு உண்டு. பருத்திக் கையுறை கொடுத்து, வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து, பொருள்களைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். "கண்ணு இருக்கறவங்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தறாங்க. என்னை மட்டும் உள்ள விடறாங்க" என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.

இப்போது அவள் எந்த அருங்காட்சியகத்துக்கும் போவதில்லை. போன நவம்பருக்குப் பிறகு ஒரு தடவைகூட.

அன்று சனிக்கிழமை. ஊரெல்லாம் இலையுதிர்காலச் சந்தை. பீட்டர் தேவாலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் ராட்டினம், பலகாரக் கடைகள், கூட்டம். அங்கிருந்து சரிவாக இறங்கும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் பட்டு நாடா வியாபாரம் செய்த ஒரு பெரிய குடும்பத்தின் வீடு. அவர்கள் வாழ்ந்தபடியே அறைகளை வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இப்போது வேலை செய்கிறவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மார்லிஸின் கணவன் எர்வின்தான் அவளை அங்கே கூட்டிப் போனான். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

"கண்ணு நல்லா தெரியற நானே அந்த வீட்டுக்குள்ள போனா உட்கார்ந்த இடத்துல தூங்கிடுவேன். நீ போய் தடவிப் பார்த்துட்டு வா, மார்லி. நான் சந்தையில ஒரு சாசேஜ் சாப்பிட்டுட்டு, கீழ சந்துல வந்து நிக்கறேன்."

"ஒண்ணுதான். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

"டாக்டர் இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

உள்ளே நுழைவுச்சீட்டு மேஜையில் இருந்தவள் திருமதி பூசர். வழிகாட்டி இன்னும் வரவில்லை என்றாள். சந்தைக் கூட்டத்தில் டிராம் மாட்டிக்கொண்டிருக்கும், போன் செய்து கேட்கிறேன், இங்கேயே உட்காருங்கள் என்று மார்லிஸை ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கதவு மூடும் சத்தம் கேட்டது. வெளியே சதுக்கத்தில் ராட்டினத்தின் இசை சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் மரத்துக்குப் பூசும் மெழுகின் வாசனை.

கொஞ்ச நேரத்தில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதை அவள் அப்போதே கவனித்தாள். ஆனால் ராட்டினத்தின் சத்தத்தில் தவறவிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? ரொம்ப நேரமா காத்துட்டிருக்கேன்."

இளம்பெண்ணின் குரல். மெல்லிய, குளிர்ந்த கை. பழகிய வழிகாட்டிகள் முழங்கையைத்தான் நீட்டுவார்கள். பார்வையற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடப்பார். இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. விரலுக்குள் விரல் கோர்த்துக்கொண்டாள், பள்ளிக்குப் போகும் சிறுமிகள் கோர்ப்பதுபோல. புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது என்று மார்லிஸ் எழுந்து நடந்தாள்.

கையுறை வேண்டாமா என்று கேட்டாள்.

"எதுக்கு? நம்ம வீடுதானே" என்றாள் அந்தப் பெண்.

அவள் பேச்சும் ஒரு மாதிரி இருந்தது. பாசெல் பேச்சுதான். ஆனால் பழைய பாசெல் பேச்சு, பெரிய வீட்டுக்காரர்கள் பேசியது என்று நாடகங்களில் மட்டும் கேட்பது. சில சொற்களை மார்லிஸ் யூகித்துத்தான் புரிந்துகொண்டாள். சில அருங்காட்சியகங்களில் வழிகாட்டிகள் அந்தக் காலத்து ஆளாகவே நடித்துக்கொண்டு சுற்றிக் காட்டுவது உண்டு. இங்கேயும் அப்படித்தான் போல. நன்றாகத்தான் செய்கிறாள் என்று நினைத்தாள்.

உண்மையில், அவள் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு நன்றாகச் சுற்றிக் காட்டியதில்லை. அதைச் சொல்லும்போது மார்லிஸ் இப்போதும் துணி மடிப்பதை நிறுத்திவிடுவாள்.

சமையலறையில் கல் தொட்டியின் விளிம்பைத் தொட வைத்தாள். பெண்கள் காலங்காலமாகச் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த பள்ளம் அதில் இருந்தது. மாடிப்படியின் கைப்பிடியில் குழந்தைகள் பல்லால் கடித்த தடம். நாடா வைக்கும் இழுப்பறையைத் திறந்து, ஒவ்வொரு பட்டு நாடாவையும் மார்லிஸின் உள்ளங்கையில் மெதுவாக இழுத்தாள். இது ஓரம் மடித்து நெய்தது. இது ரெட்டை இழை. இதுல ஒரு முடிச்சு இருக்கு, பாருங்க, நெய்தவன் அன்னிக்குக் குடிச்சிருந்தான். மார்லிஸ் சிரித்துவிட்டாள். விரல்களுக்கு இப்படியும் கதை சொல்ல முடியுமா என்று வியந்தாள்.

அடுத்த அறையில் ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்பு. அதன் மேல் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் யாரும் விறகு எரிக்க மாட்டார்கள். தீ என்றால் அவர்களுக்கு உயிர் போய்விடும். அடியில் மின்சாரச் சூடேற்றி வைத்திருப்பார்கள் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மெழுகு வாசனை போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக விறகுப் புகை. காய்ச்சிய பால். ஈரக் கம்பளி.

இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். பழைய பலகைத் தரை. மார்லிஸ் வைத்த ஒவ்வொரு அடிக்கும் பலகை முனகியது.

அவள் வைத்த அடிக்கு மட்டும்.

பக்கத்தில் கைகோர்த்து நடக்கிறவளுக்குப் பலகை முனகவேயில்லை...

ஒரு படுக்கையறை. கட்டிலின் செதுக்கு வேலை, இறகு மெத்தை, தலையணை. தலையணையின் நடுவில் ஒரு குழி இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல அந்தக் குழி வெதுவெதுப்பாக இருந்தது.

மார்லிஸ் கையை எடுத்துவிட்டாள்.

"இது யாரோட படுக்கை?"

"என்னோடது."

நடிப்புதான் என்று அவள் மறுபடியும் சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை மனம் அதை அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. ராட்டினத்தின் இசை எப்போது நின்றது? அவளுக்குத் தெரியவில்லை. சதுக்கம் பத்தடித் தூரம்தான். சந்தை நாளில் மாலை நேரத்தில் அங்கே சத்தம் ஓயவே ஓயாது. இப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழி கொக்கரித்தது. கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் ஒன்று உருண்டு போனது.

தேவாலய மணி அடித்தது. ஐந்து.

எர்வின் காத்திருப்பான் என்று பதறி, தன் பேசும் கைக்கடிகாரத்தை அமுக்கினாள். அது நான்கு என்று சொன்னது.

மறுபடியும் அமுக்கினாள். நான்கு.

பாசெலில் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கடிகாரங்கள் மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. சுற்றிலும் உள்ள ஊரெல்லாம் நான்கு அடிக்கும்போது பாசெலில் ஐந்து அடிக்கும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது, அதை நிறுத்தி. வகுப்பில் மார்லிஸே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே சொன்ன கதை அது.

இப்போது சிரிப்பு வரவில்லை.

எதையாவது பேச வேண்டும் என்று தோன்றியது. சாதாரணமாக, மனிதர்கள் பேசிக்கொள்வதுபோல. அவள் கையில் இன்னும் ஒரு பட்டு நாடா இருந்தது. ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா? வாய் தானாகக் கேட்டது.

"இது என்ன நிறம்?"

அந்தப் பெண் நாடாவின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இந்த நாடா. என்ன நிறம் இது?"

"நிறம்..." என்றாள் அந்தப் பெண். "அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். எனக்குப் புரியல. அது எப்படி இருக்கும்?"

அப்போதுதான் மார்லிஸுக்கு உறைத்தது. கண் உள்ள வழிகாட்டிகள், பார்வையற்றவர்களிடம் பேசும்போதுகூட, நிறத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அழகான நீலம் என்பார்கள், பிறகு மன்னிப்புக் கேட்பார்கள். இவள் ஒரு நிறத்தைக்கூடச் சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் இருவரையும் வழிநடத்தியது கண் அல்ல. விரல்கள்.

இந்தப் பெண்ணுக்கும் கண் தெரியாது.

ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. பார்வையற்ற ஒரு பெண்ணையே வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கப் பார்த்தாள். அவள் பெயரைக் கேட்டாள். சலோமே என்றாள். இங்கே எவ்வளவு நாளாக வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள்.

"வேலையா?" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

கோர்த்த விரல்கள் இறுகின.

"வாங்க. மேல போகலாம். இன்னும் முக்கியமானது பாக்கி இருக்கு."

தனக்கு நேரமாகிவிட்டது, கணவன் கீழே காத்திருப்பான் என்று மார்லிஸ் சொன்னாள். கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. அந்த மெல்லிய கைக்குள் இருந்தது மெல்லிய பலம் அல்ல.

"அண்ணனும்தான் காத்திருக்கான்" என்றாள் சலோமே. "எனக்குன்னு மேல ஒரு புது அறை கட்டியிருக்கான். வெயில் முகத்துல படற மாதிரி. இன்னிக்குத்தான் காட்டறேன்னு சொன்னான்."

குறுகிய படி. செங்குத்தாக ஏறியது. ஒரு கதவு. அது திறக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அதைக் கடந்தார்கள். உலர்ந்த மரம், தூசி, கச்சாப் பட்டின் வாசனை. ஓட்டுக்கூரையின் கீழே பரண் என்பது காற்றிலேயே தெரிந்தது.

திருமதி பூசரைக் கூப்பிட்டாள். அவள் குரல் பஞ்சுக்குள் விழுந்ததுபோல அமுங்கிப்போனது.

எங்கோ முன்னால் கயிறு ஒன்று அசைந்தது. கிரீச்... கிரீச்... இரும்புக் கப்பி.

முகத்தில் காற்று பட்டது. குளிர்ந்த, ஈரமான, ஆற்று வாசனையுள்ள காற்று.

அப்போது அது கேட்டது.

டப்... டப்...

கைதட்டல்.

"கேட்குதா?" சலோமேயின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணன்தான். எங்க வரணும்னு இப்படித்தான் தட்டுவான். சின்ன வயசுலேர்ந்து. நான் சத்தத்தைப் பார்த்து நேரா போயிடுவேன்."

டப்... டப்...

மார்லிஸ் நின்றுவிட்டாள்.

பார்வையற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இது. அறைக்குள் கையைத் தட்டினால் சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பித் தரும். எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதை வைத்துச் சுவர் எங்கே என்று சொல்லிவிடலாம். பதினெட்டு வருஷமாக அவள் அப்படித்தான் நடக்கிறாள்.

இந்தக் கைதட்டல் திரும்பவில்லை.

முன்னால் சுவர் இல்லை. அறையும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. சத்தம் அவள் முகத்துக்கு நேராக வரவில்லை. நெஞ்சுக்கு நேராகவும் இல்லை.

அது அவள் பாதத்துக்குக் கீழிருந்து வந்தது.

பாசெலின் பழைய வீடுகளில் பரணின் நடுவில் ஒரு கதவு இருக்கும். அதற்கு வெளியே படி கிடையாது. பால்கனி கிடையாது. விறகையும் பட்டு மூட்டைகளையும் தெருவிலிருந்து கப்பியில் ஏற்றுவதற்காக வைத்த கதவு. திறந்தால் வெறும் காற்று. அதற்குக் கீழே தெரு.

மார்லிஸ் தடியை முன்னால் நீட்டினாள். பலகை. பலகை. பலகை.

பிறகு ஒன்றும் இல்லை.

தடியின் நுனி கீழே, கீழே போனது. எதையும் தொடவில்லை. அவள் பதறி இழுத்ததில் பிடி நழுவியது. தடி போய்விட்டது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை...

"வாங்க" என்றாள் சலோமே. "இன்னும் ஒரு அடிதான்."

அவள் குரல் இப்போது முன்னாலிருந்து வந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

டப்... டப்...

டப் டப்... டப் டப்...

இப்போது இரண்டு பேர் தட்டினார்கள். இரண்டாவது கைதட்டல் கேட்டதும் மார்லிஸின் கால் தானாக ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. அதுவாக நகர்ந்தது. அன்று நடந்ததிலேயே அதுதான் தன்னை அதிகம் பயமுறுத்தியது என்கிறாள்.

பார்வை போன புதிதில் நடைப் பயிற்சியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். முன்னால் தரை இருக்கிறதா என்று சந்தேகமா? யோசிக்காதே. உட்கார்.

உட்கார்ந்தாள்.

"சலோமே. போகாத. அங்க தரை இல்ல."

"அண்ணன் கூப்பிடறானே."

"அங்க அறை இல்லம்மா. கட்டல. ஒண்ணுமே இல்ல அங்க. எங்கூட உட்காரு."

இழுப்பு நின்றது. ஒரு மூச்சு நேரம். அதன் பிறகு அந்தக் குரல் வந்தது. சின்னக் குழந்தையின் குரல்போல.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டான்."

டப்.

இழுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தது. மார்லிஸ் பலகையில் வழுக்கினாள். குதிகாலை ஊன்றினாள். மறுகையால் ஏதோ ஒரு தூணைப் பிடித்தாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

கடைசி விரல்.

போய்விட்டது.

அலறல் இல்லை. விழுந்த சத்தம் இல்லை.

கைதட்டல் நின்றது.

ராட்டினத்தின் இசை திரும்ப வந்தது.

அவளைக் கண்டுபிடித்தது திருமதி பூசரும் எர்வினும். பரணுக்கு ஏறும் படியின் கதவு பூட்டியிருந்தது. பூசர் சாவி கொண்டுவந்து திறக்க வேண்டியிருந்தது. விளக்கைப் போட்டபோது மார்லிஸ் தரையில் உட்கார்ந்து ஒரு தூணைக் கட்டிக்கொண்டிருந்தாளாம். அவள் பாதங்கள் இரண்டும் வெள்ளையடித்த சுவரில் ஊன்றியிருந்தன. கனமான, பழைய செங்கல் சுவர். எர்வின் அவள் கையைப் பிடித்து அதைத் தொட வைத்தான். அவள் நம்பவில்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்த்தாள். ஓர் இடுக்குகூட இல்லை.

பூசர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். வழிகாட்டிக்குக் காய்ச்சல், வரவில்லை. அதைச் சொல்ல வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. மார்லிஸ் கணவனோடு போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். பூட்டிய பரணுக்குள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள்.

எர்வின் எப்படி உள்ளே வந்தான்? சந்தில் நின்றுகொண்டிருந்தவன் காலடியில் அவளுடைய வெள்ளைத் தடி வந்து விழுந்திருக்கிறது. மேலிருந்து. நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் அடைத்துப் பூசிய சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. தடியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

அந்தத் தடியை நான் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. மார்லிஸ் அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாள்.

சில நாள் கழித்து பூசர் ஒரு பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தாள். சலோமே என்று அந்த வீட்டில் யாராவது இருந்தார்களா என்று மார்லிஸ் கேட்டாள். பூசர் பூங்கொத்தை மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள். இருந்தாள். வியாபாரியின் ஒரே மகள். பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தொன்பது வயதில் பரண் கதவு வழியாக விழுந்து இறந்தாள். வழி தவறிப் போய்விட்டாள் என்று குடும்பத்தில் சொன்னார்கள். தெருவில் அவளை முதலில் பார்த்தது அவள் அண்ணன். அப்பாவின் சொத்தில் அவளுக்கும் பாதி இருந்தது. எல்லாம் பிறகு அவனுக்கு வந்தது. அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்ததும் அவன்தான்.

"கண்ணு தெரியாதவங்க சொந்த வீட்டுல வழி தவற மாட்டாங்க" என்றாள் மார்லிஸ்.

பூசர் காப்பியைக் குடிக்காமலே கிளம்பிப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எர்வின் மாறிப்போனான். கிண்டல் நின்றுவிட்டது. சந்தைக்கோ ரயில் நிலையத்துக்கோ மார்லிஸோடு போகமாட்டேன் என்றான். அவள்தான் பயந்திருக்க வேண்டியவள். அவளைவிட அவன் பயந்திருந்தான். இரவில் எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தான். பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டின்போது, ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

அன்று சந்தில் அவன் தனியாக இல்லை.

பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். நீளமான கோட்டு, முழங்கால்வரை காலுறை, பின்னிய முடி. சந்தை நாள் அல்லவா, வித்தைக்காரன் யாரோ என்று எர்வின் நினைத்தான். அந்த ஆள் மேலேயே பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கை தட்டிக்கொண்டிருந்தான். பிறகு எர்வினைப் பார்த்துச் சிரித்துக் கேட்டான், உங்க ஆளும் மேலதான் இருக்காங்களா என்று.

எர்வின் ஆமாம், என் வீட்டுக்காரி என்றான். அவளுக்குக் கண் தெரியாது என்றும் சொன்னான்.

"அப்படின்னா நீங்களும் தட்டுங்க" என்றானாம் அந்த ஆள். "தெரிஞ்ச கை தட்டினா சீக்கிரம் வந்துடுவாங்க."

கூட்டத்தில் மார்லிஸ் எங்கே இருந்தாலும், தான் நிற்கும் இடத்தைக் காட்ட எர்வின் கை தட்டுவது வழக்கம். அவளும் எதையும் யோசிக்காமல் அந்தச் சத்தத்தை நோக்கி நடந்து வருவாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லை. அவள் கண் போன நாளிலிருந்து.

அவன் இரண்டு கைகளையும் மேஜையில் வைக்கும் சத்தம் மார்லிஸுக்குக் கேட்டது.

"நானும் தட்டினேன், மார்லி."